இதயம் பலவீனமானவர் வீட்டில் தண்ணீர்க் கணக்கு

மேட்டூர் அணையில் 120 அடி தண்ணீர் நின்றாலும் மதகு சரியாகத் திறக்காவிட்டால் கடைமடைக்கு வறட்சிதான். இதயச் செயலிழப்பில் சிறுநீரகம் அந்தக் கடைமடை. இதயம் தள்ளும் ரத்தம் போதாததால், காலில் நீர் கோத்துக் கிடக்கும்போதே சிறுநீரகம் ரெனின் என்ற சுரப்பை வெளியிடுகிறது. அதன் வழியே உருவாகும் ஆஞ்சியோடென்சின் தாகத்தைக் கிளப்பும், அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனை வரவழைக்கும். ஆல்டோஸ்டிரோன் உப்பைப் பிடித்துவைக்கும். மூளையடியிலிருந்து வரும் வாசோபிரெசின் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதனால் நோயாளியின் தாகத்தை வைத்து உடம்பில் நீர் குறைவு என்று முடிவு கட்ட முடியாது.

எடையை வைத்துத்தான் முடிவு கட்ட வேண்டும். காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே மெஷினில் பாருங்கள். மெஷின் சமதரையில் இருக்கட்டும். பாய்மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். தினசரி காலண்டர் தாளிலேயே குறித்துவிடுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர். வீக்கம் தெரியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

தண்ணீர்க் கட்டுப்பாடு எல்லோருக்கும் இல்லை. டாக்டர் 1.5 லிட்டர் என்று சொல்லியிருந்தால், காலையில் அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலில் நிரப்புங்கள். காபி, மோர், ரசம், கஞ்சி எது குடித்தாலும் அதே அளவை பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. ரசத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஓட்டை அங்கேதான்.

வாசோபிரெசின் வேலையால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் 135-க்குக் (mmol/L) கீழே இறங்கலாம். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வீட்டில் உப்பைக் கூட்டுவார்கள். கூடாது! பெரும்பாலும் அங்கே மிஞ்சியிருப்பது தண்ணீர். ஒரு நாள் உப்பு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். ஜவ்வரிசி வத்தல், மாங்காய் ஊறுகாய், சாயங்காலத் தட்டுவடை செட் எல்லாம் அதில் அடக்கம். 'லோ சோடியம்' உப்பும் வேண்டாம்: அதில் பொட்டாசியம் இருக்கிறது. இந்த நோய்க்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத்துடிப்பே தடுமாறலாம்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கடையில் கேட்டு வாங்காதீர்கள். அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, உப்பையும் தேக்கும்.

சிறுநீரைப் பெருக்கி நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு மாத்திரையைக் காலையில் போடுவது வழக்கம். இரவில் போட்டால் தூக்கம் கெடும். ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் அன்று மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், மேலே போய்ச் சேர்ந்தபின் போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி, பேதி வந்தால் நிலைமை தலைகீழ்: எடை மளமளவென இறங்கும், இதே மாத்திரைகள் சிறுநீரகத்தை வறட்டிவிடும். அன்றைய டோஸ் போடலாமா என்று போனில் கேளுங்கள். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்கிறார் என்றால் 108.