மாசக்கணக்குல ஊர் சுத்த கிளம்பறீங்களா? பையில எந்த கேட்ஜெட் போகணும், எது வீட்லயே இருக்கணும்

மூணு மாசம், ஆறு மாசம்னு நீளமா கிளம்பறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எந்த கேமரா வாங்கலாம், எந்த பவர் பேங்க் நல்லதுன்னுதான். அதுக்கு முன்னாடி உங்களுக்கு நீங்களே ஒண்ணு கேட்டுக்கங்க. வியட்நாமோட ஹோ சி மின் சிட்டில ரோட்டோரமா நின்னு மேப் பாத்துட்டு இருக்கீங்க, பைக்ல வந்த ஒருத்தன் போன புடுங்கிட்டு போயிட்டான். அன்னிக்கு ராத்திரி ரூமுக்கு காசு கட்ட முடியுமா, வீட்டுக்கு பேச முடியுமா, அடுத்த நாள் பஸ் டிக்கெட்ட காட்ட முடியுமா? விசா பிடிஎஃப், பேங்க் ஆப், ஓடிபி, ஹாஸ்டல் புக்கிங் எல்லாமே இப்ப ஒரே போன்லதான் இருக்கு. அதனால பையில போக வேண்டிய ரெண்டாவது கேட்ஜெட் எதுன்னு கேட்டா நான் கேமராவையும் சொல்ல மாட்டேன், லேப்டாப்பையும் சொல்ல மாட்டேன், ஒரு பழைய போன்னுதான் சொல்லுவேன்.

டிராயர்ல கிடக்கற பழைய போனே போதும், ஆனா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, பேட்டரி அரை நாளாவது நிக்கணும். இன்னொண்ணு, உங்க பேங்க் ஆப் அதுல திறக்கணும், ரொம்ப பழைய ஆண்ட்ராய்டா இருந்தா நிறைய பேங்க் ஆப் உள்ளயே விடாது. இத கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே செட் பண்ணி பாத்துடுங்க, ஏன்னா பேங்க் ஆப்பும் யூபிஐயும் சிம்மையும் போனையும் சேத்து கட்டி வச்சிருக்கு, புது போன்ல ரிஜிஸ்டர் பண்ணணும்னா அந்த சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் போகணும், அத வெளிநாட்டுல ரோமிங்ல உக்காந்து பண்றது பெரிய தலைவலி.

சிம் விஷயத்துல நான் சொல்றது இதான்: இந்திய நம்பர் பிளாஸ்டிக் சிம்மாவே இருக்கட்டும், போற நாட்டு டேட்டாவுக்கு இசிம், அதாவது போனுக்குள்ளயே டிஜிட்டலா ஏறற சிம், வாங்கிக்கங்க. பல பேர் இத தலைகீழா பண்றாங்க. இந்திய நம்பர இசிம்மா மாத்தி வச்சுட்டு போன் உடைஞ்சா நம்பரும் அதுக்குள்ளயே மாட்டிக்கும், இன்னொரு போனுக்கு மாத்தணும்னா அதே நம்பருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவான் இல்லன்னா கடைக்கு நேர்ல வான்னு சொல்லுவான், நீங்க இருக்கறது வியட்நாம்ல. பிளாஸ்டிக் சிம்னா ஒரு குண்டூசியால எடுத்து அடுத்த போன்ல போட்டா முடிஞ்சுது. இன்னும் ஒரு படி மேல போய், வெளிநாட்டுல இருக்கும்போது இந்திய சிம்மையும் பேங்க் ஆப்பையும் அந்த பழைய போன்லயே வச்சு, அத பைக்குள்ள பூட்டி ரூம்ல விட்டுட்டு போயிடுங்க. ரோட்ல எடுத்துட்டு போற போன்ல இசிம்மும், கொஞ்சமா காசு ஏத்தின டிராவல் கார்டும் இருந்தா போதும், திருடு போனாலும் போன் மட்டும்தான் போகும். லடாக், வடகிழக்குன்னு இந்தியாக்குள்ள சுத்தறதா இருந்தா மட்டும் இது செட் ஆகாது, டீக்கடை வரைக்கும் யூபிஐ வேணும், அப்ப சிம் மெயின் போன்லயே இருக்கட்டும்.

அந்த சிம்முக்கு பின் லாக் போடுங்க. திருடன் சிம்ம கழட்டி வேற போன்ல போட்டு ஓடிபி வாங்கறத இது தடுக்கும். உங்க சிம் கம்பெனியோட டிஃபால்ட் பின் என்னன்னு தெரிஞ்சுக்காம கையில வந்தத அடிக்காதீங்க, மூணு தடவ தப்பா போனா சிம் லாக் ஆகி, அத திறக்கற பியூகே கோடு கேக்கும். ரீசார்ஜ் முடிஞ்சு போனா கொஞ்ச நாள்ல இன்கமிங் எஸ்எம்எஸும் நின்னுடும், ஓடிபி வராது, அதனால நீளமான டிரிப்புக்கு ஒரு வருஷ பிளான் போடறதுதான் நிம்மதி, ரோமிங்கையும் ஊர்ல இருக்கும்போதே ஆன் பண்ணிடுங்க. ஜம்மு காஷ்மீர், லடாக் போறவங்களுக்கு இன்னொண்ணு, மத்த மாநில ப்ரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். இது தெரியாம லே வரைக்கும் போயி வீட்டுக்கு பேச முடியாம நிக்கறவங்க வருஷா வருஷம் இருக்காங்க. துருக்கி பக்கம் ரொம்ப நாள் தங்கறதா இருந்தா, வெளிநாட்டு போன்ல துருக்கி சிம் போட்டா 120 நாள்ல அந்த போன பிளாக் பண்ணிடுவாங்க, அங்கயும் அந்த பழைய போன் கை கொடுக்கும்.

போன் கையில இல்லாதப்ப லாகின் பண்ண உதவற கூகுள் அக்கவுன்ட்டோட பேக்கப் கோடுகள பேப்பர்ல பிரின்ட் எடுத்து பாஸ்போர்ட்டோட வைங்க. *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐங்கற போனோட அடையாள நம்பரையும் அதே பேப்பர்ல எழுதிடுங்க, போலீஸ்ல எழுதி கொடுக்கும்போது அது வேணும்.

அடுத்தது கரன்ட். என்னோட விதி, ஒரே சார்ஜர், ஒரே வகை கேபிள். யூஎஸ்பி-சில சார்ஜ் ஆகாத எதுவும் பையில ஏறக்கூடாது, டிரிம்மர், ஹெட்லேம்ப், இயர்பட்ஸ் எல்லாத்துக்கும் இதே விதி. ஒரு பொருளோட எடைய பாக்கும்போது அதோட சார்ஜர், கேபிள், டப்பா எல்லாத்தையும் சேத்து தராசுல வைங்க. ஸ்மார்ட் வாட்ச் கையில இருக்கும்போது எடையே தெரியாது, ஆனா அதுக்குன்னு தனியா ஒரு காந்த சார்ஜர் வேணும், அது தொலைஞ்சா சின்ன ஊர்ல கிடைக்காது. 65 வாட் கேன் (GaN) சார்ஜர் ஒண்ணு, ரெண்டு மூணு போர்ட்டோட வாங்கிட்டா போன், பவர் பேங்க், சின்ன லேப்டாப் மூணுக்கும் அதுவே ஆச்சு. ரெண்டு போர்ட்ல சொருகும்போது அந்த 65 வாட் பங்கு பிரியும்ங்கறத மட்டும் ஞாபகம் வைங்க. கேபிள்ல கஞ்சத்தனம் வேணாம், ரெண்டு எடுங்க, அதுல ஒண்ணாவது ரெண்டு மீட்டர் நீளம் இருக்கட்டும், ஹாஸ்டல்ல பிளக் பாயின்ட் எப்பவும் கட்டிலுக்கு பின்னாடிதான் இருக்கும். 60 வாட்டுக்கு மேல இழுக்கற லேப்டாப்னா 100 வாட்னு போட்ட கேபிள்தான் வேணும், சாதா கேபிள்ல அவ்வளவு கரன்ட் போகாது.

பிளக் பத்தி ஏகப்பட்ட குழப்பம் இருக்கு. நம்ம ஊர் மூணு குண்டு முள் பிளக் தாய்லாந்துல ஏறாது, ஐரோப்பாலயும் ஏறாது. மெல்லிசா ரெண்டு குண்டு முள் இருக்கற சார்ஜர் தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேஷியா, நேபாளம், ஐரோப்பான்னு பெரும்பாலான இடத்துல உள்ள போயிடும். மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங் போனா மூணு தட்டை முள், அதுக்கு ஒரு சின்ன அடாப்டர். ஜப்பான், அமெரிக்கான்னா ரெண்டு தட்டை முள். அந்த பெரிய எல்லா நாட்டு அடாப்டர் கட்டை எனக்கு பிடிக்காது, கனத்துல சுவத்துல இருந்து தொங்கி விழும், அதுக்கு பதிலா போற நாட்டுக்கு வேண்டிய சின்ன அடாப்டர் ஒண்ணு ரெண்டு போதும். சார்ஜர்ல 100-240 வோல்ட்னு எழுதியிருந்தா எந்த நாட்டுலயும் பயமில்ல, ஆனா நம்ம ஊர் ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாம் ஜப்பானோட 100 வோல்ட்ல ஒழுங்கா வேலை செய்யாது, அத வீட்லயே விடுங்க.

பவர் பேங்க் வாங்கும்போது 20000 எம்ஏஎச்ல நில்லுங்க. பிளேன் கணக்கு வாட் அவர்லதான், எம்ஏஎச்ச 3.7ஆல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா வரும், அப்படி பாத்தா 20000ங்கறது 74 வாட் அவர். 100க்குள்ள இருந்தா பொதுவா தனியா அனுமதி வேணாம், 100ல இருந்து 160 வரைக்கும் ஏர்லைன்ஸ்கிட்ட கேக்கணும், அதுக்கு மேல ஏத்தவே மாட்டாங்க. எதுவா இருந்தாலும் கைப்பையிலதான், செக்-இன்ல போடவே கூடாது. 2025 ஜனவரி 28ந்தேதி தென்கொரியாவோட கிம்ஹே ஏர்போர்ட்ல ஏர் பூசான் பிளேன் ஒண்ணு கிளம்பறதுக்கு முன்னாடியே தீப்பிடிச்சு எரிஞ்சுது, எல்லாரும் தப்பிச்சு இறங்கிட்டாங்க, காரணம் பவர் பேங்க்கா இருக்கலாம்னு விசாரணைல சொன்னாங்க. அதுக்கப்புறம் வரிசையா விதி இறுகிடுச்சு. கொரியா பிளேன்ல மேல் லாக்கர்ல வைக்க விடறதில்ல, சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் தாய் ஏர்வேஸும் பிளேனுக்குள்ள பவர் பேங்க்க யூஸ் பண்ண விடறதில்ல, எமிரேட்ஸ் 2025 அக்டோபர்ல இருந்து ஒருத்தருக்கு ஒண்ணுதான்னு சொல்லிடுச்சு. சீனாக்குள்ள உள்நாட்டு பிளேன் ஏறணும்னா 2025 ஜூன் 28ல இருந்து அவங்களோட 3சிங்கற பாதுகாப்பு முத்திரை இல்லாத பவர் பேங்க்க உள்ள விடறதில்ல. அதனால ரெண்டு மூணு குட்டி பவர் பேங்க்க விட நல்ல கம்பெனில ஒண்ணு, எழுத்து அழியாம தெளிவா தெரியற மாதிரி வாங்குங்க. 20000னு போட்டிருந்தாலும் வோல்டேஜ் மாத்தறதுல போறது போக 12000 பக்கம்தான் கைக்கு வரும், 5000 எம்ஏஎச் போன ரெண்டு ரெண்டரை தடவ ஏத்தலாம்.

மலைக்கு போறவங்களுக்கு, ஸ்பிட்டி, லடாக் மாதிரி குளிர்ல பேட்டரி வேகமா இறங்கும், ராத்திரி போனையும் பவர் பேங்க்கையும் ஸ்லீப்பிங் பேக்குள்ள உங்களோடயே வச்சு தூங்குங்க. பூஜ்ஜியம் டிகிரிக்கு கீழ சார்ஜ் போடாதீங்க, பேட்டரி உள்ளுக்குள்ள கெட்டுடும். நடக்கும்போது முதுகுப் பைக்கு பின்னாடி தொங்க விடற சோலார் பேனல் பாக்க நல்லா இருக்கும், ஆனா வெயில் சரியா விழாது, அந்த எடைக்கு பிரயோஜனம் இல்ல. நேபாளத்துல மலைப்பாதைல தங்கற டீ ஹவுஸ்ல காசு குடுத்து சார்ஜ் போட்டுக்கறதே மேல்.

லேப்டாப் வேணுமா வேணாமான்னு முடிவு பண்ண ஒரே கேள்விதான், அதுல சம்பாதிக்கறீங்களா? ஆமான்னா எடுங்க, நல்லதா எடுங்க, அதுக்காக வேற எதையாவது குறைங்க. இல்ல, போட்டோ எடிட் பண்ணலாம், பிளாக் எழுதலாம்னு யோசிக்கறீங்கன்னா இப்பவே ரெண்டு வாரம் வீட்ல லேப்டாப்ப மூடி வச்சு போன்லயே ஓட்டி பாருங்க, ஓடிடுச்சுன்னா வேணாம். திருச்சில ஏர் ஏசியா ஏறி கோலாலம்பூர் போறீங்கன்னா கையில 7 கிலோதான், ஒண்ணேகால் கிலோ லேப்டாப்பும் உறையும் அதுல பெரிய பங்க தின்னுடும். லேப்டாப் இல்லாம எல்லா எலக்ட்ரானிக்ஸும் சேந்து ஒன்றரை கிலோவ தாண்டினா பையில இருந்து எதையோ வெளிய எடுக்கணும்னு அர்த்தம்.

கேமராவும் அப்படித்தான். ஊர்ல இருக்கும்போது வாரா வாரம் கேமராவ எடுத்துட்டு வெளிய போற ஆளா இருந்தா தாராளமா எடுத்துட்டு போங்க, டிரிப்புக்குன்னு புதுசா வாங்கற கேமரா ரெண்டாவது மாசம் பையோட அடியில போயிடும். போட்டோவ காப்பி பண்ண ஒரு எஸ்எஸ்டி டிரைவ் வேணும், அது கேமரா இருக்கற பையில இருக்கக்கூடாது. படிக்கறவங்களா இருந்தா கிண்டில நான் மனசார சிபாரிசு பண்றேன், 200 கிராம் சுமாருக்குள்ள ஒரு அலமாரி புத்தகம், வாரக்கணக்குல சார்ஜ் நிக்கும், தமிழ் புத்தகமும் நல்லாவே கிடைக்குது, மதுரைத் திட்டம்ங்கற இணைய நூலகத்துல சங்க இலக்கியத்துல இருந்து இலவசமா இறக்கி போட்டுக்கலாம், நீளமான ரயில்ல அதுக்கு ஈடே இல்ல. ஏப்ரல்ல தாய்லாந்துல சொங்க்ரான்ங்கற தண்ணி திருவிழா சமயத்துல இருப்பீங்கன்னா கழுத்துல மாட்டற வாட்டர்ப்ரூஃப் பவுச் ஒண்ணு கட்டாயம், அந்த மூணு நாள் ரோட்ல இறங்கினா நனையாம வர முடியாது.

சிலது எடுத்துட்டு போனா வம்புதான். அமெரிக்கால இருக்கற மாமா பையன்கிட்ட சொல்லி கார்மின் இன்ரீச் மாதிரி சேட்டிலைட் மெசேஜர் வாங்கறாங்க, இந்தியாவுல அனுமதி இல்லாம அத வச்சிருக்கறதே சட்டப்படி தப்பு, ஏர்போர்ட்லயே பிடிச்சு வழக்கு போட்டிருக்காங்க. ட்ரோன எகிப்து, மொராக்கோல ஏர்போர்ட்லயே வாங்கி வச்சுப்பாங்க, நேபாளத்துல பெர்மிட் வேணும், வெளிநாட்டுல வாங்கிட்டு வரலாம்னா 2022 பிப்ரவரில இருந்து இந்தியாவுக்குள்ள ட்ரோன் இறக்குமதிக்கே தடை. வேப், இ-சிகரெட் இந்தியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூணுலயும் தடை.

கடைசியா, விலை ஜாஸ்தியான கேமரா, லென்ஸ் எடுத்துட்டு போறவங்க கிளம்பற அன்னிக்கு ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிடுங்க, சீரியல் நம்பரோட எழுதி சீல் போட்டு தருவாங்க. திரும்பி வரும்போது இத வெளிநாட்டுல வாங்கினீங்களா, டியூட்டி கட்டுங்கன்னு கேட்டா அந்த பேப்பர காட்டலாம். பொருள கண்ணால பாக்கணும்பாங்க, அதனால செக்-இன் பண்ற பையில போட்டுடாம கையிலயே வச்சுக்கங்க, பில் காப்பியும் கூட இருக்கட்டும், வழக்கத்த விட ஒரு மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட் போயிடுங்க.