நடமாட்டப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வையற்றோருக்கு நடமாட்டப் பயிற்சி அளிக்கப் புதிதாக வருபவர்களைக் கவனிக்கும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளே மாறாமல் திரும்பி வருவதைக் காண்கிறேன். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது போன்றவை முதல் வகுப்பிலேயே சொல்லப்படுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓயாமல் பேசுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மாணவர் நடக்கத் தொடங்கியதும், "இதோ சுவர், அதோ கம்பம், நாலடியில் திருப்பம்" என்று பயிற்றுநர் வர்ணித்துக்கொண்டே வருவார். உதவுவதாக நினைத்துக்கொண்டு அவர் மாணவரின் காதை அடைக்கிறார். எதிரிலுள்ள தடையைப் பார்வையற்றவர்கள் முகத்தில் படும் காற்றால் உணர்வதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. 1944இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழகச் சோதனைகளிலோ, முகத்தை மூடியபோதும் தடையை உணர்ந்தவர்கள், காதை அடைத்ததும் அதில் மோதிக்கொண்டார்கள். காலடி ஓசையும் கோலின் தட்டொலியும் பட்டுத் திரும்பும் விதமே சுவரையும் வாசலையும் அவர்களுக்குக் காட்டுகிறது.

இதை நான் கற்றது ஒரு கல்லூரி மாணவியிடம். நீண்ட தாழ்வாரம் ஒன்றில் இரண்டு வாரம் அவரை நடத்திச் சென்று, ஒவ்வொரு கதவையும் வாயாலேயே அடையாளம் காட்டினேன். தேர்வு நாளன்று நான் விடுப்பிலிருக்க, அவர் வழி தவறி அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். "எனக்கு அந்த வழி தெரியாது சார், உங்க குரல்தான் தெரியும்" என்றார். மறுபடியும் தொடங்கினோம், இம்முறை நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பாதி வழியில் அவராகவே நின்று, கோலை இருமுறை தட்டி, இடப்பக்கம் சுவர் இல்லை என்றார். அங்கே மாடிப்படி இருந்தது. அத்தனை நாள் வர்ணனையில் அதை நான் ஒருமுறைகூடக் குறிப்பிட்டிருக்கவில்லை.

கோலின் தாளத்தைக் கவனியாமல் விடுவது

இடக்கால் முன்வைக்கும்போது கோலின் முனை வலப்புறத் தரையைத் தொட வேண்டும், ஏனெனில் அடுத்த அடி விழப்போவது அங்கேதான். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் உருவாக்கிய முறை இது. தாளம் பிசகினால், கால் ஏற்கெனவே கடந்த இடத்தைத்தான் கோல் தடவிக்கொண்டிருக்கும்.

தரையோடுகளை அப்படியே நம்புவது

பார்வையற்றோர் காலாலும் கோலாலும் உணர்ந்து நடக்க, நடைபாதையில் பதிக்கும் புடைப்பு ஓடுகள் இவை: கோடு போட்ட ஓடு 'செல்', புள்ளி வைத்த ஓடு 'நில்'. 1967இல் ஜப்பானின் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட இவ்வோடுகளை, நம் நடைபாதைகளில் சிலர் அழகுக்காக இறைத்திருக்கிறார்கள். மாணவரை அழைத்துச் செல்லும் முன் நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு எல்லாம் புரிந்ததாக எண்ணுவது

புரியாது.

மழை நாளில் முதல் பாடம்

வேண்டாம். தகரக் கூரையில் விழும் மழை, கோலின் ஓசை முழுவதையும் விழுங்கிவிடும்.