லூசியானாவில் புயல் தாங்கும் கூரைக்கு அரசு மானியம்: பதிவு முதல் சான்றிதழ் வரை

சூறாவளி என்றதும் கூரை முழுவதும் பிய்த்துக்கொண்டு பறக்கும் காட்சிதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அமெரிக்காவின் வளைகுடாக் கரையில் ஏராளமான வீடுகள் பாழாவது அப்படியன்று. காற்று முதலில் கூரையின் ஓரத்தில் கை வைக்கிறது. அங்கே ஒட்டு விட்டுப்போன ஷிங்கிள்கள், அதாவது கூரைமேல் வேயும் மெல்லிய தார் வில்லைகள், சில கிளம்புகின்றன. அவற்றின் கீழுள்ள தார்த்தாள் கிழிகிறது. அதற்கும் கீழே, நான்கடிக்கு எட்டடி அளவுள்ள பலகைகள் வரிசையாக அறையப்பட்டிருக்கும். மரம் ஈரத்தில் உப்பும் என்பதால் இரண்டு பலகைகளுக்கு நடுவே எட்டில் ஒரு பங்கு அங்குலம் இடைவெளி விடுவது இங்குள்ள தச்சர்களின் வழக்கம். மழை உள்ளே இறங்குவது அந்த இடைவெளிகள் வழியாகத்தான். 1,500 சதுர அடிக் கூரைமீது ஓர் அங்குல மழை பெய்தால் அது சுமார் 3,500 லிட்டர் நீர். அதில் ஒரு பங்கு இறங்கினாலே வெப்பத்தைத் தடுக்கப் பரணில் விரித்த பஞ்சு ஊறி, கனம் தாங்காமல் உட்கூரை அட்டை படுக்கைமீது விழுந்துவிடும். சுவர்கள் நான்கும் அசையாமல் நிற்கும், குடியிருக்கத்தான் முடியாது.

2020 ஆகஸ்டில் லாரா சூறாவளியும், 2021 ஆகஸ்டில் ஐடா சூறாவளியும் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் லூசியானாவில் கரையேறிய பிறகு, லேக் சார்ல்ஸ் போன்ற ஊர்களில் தெருத் தெருவாக நீலத் தார்ப்பாய் போர்த்திய கூரைகளே மாதக்கணக்கில் தெரிந்தன. இழப்பீடு கொடுக்க முடியாமல் பத்துக்கும் மேற்பட்ட காப்பீட்டு நிறுவனங்கள் நொடித்துப்போயின. வேறு எங்கும் காப்பீடு கிடைக்காதவர்களுக்குக் கடைசிப் புகலிடமான மாநிலத்தின் சிட்டிசன்ஸ் நிறுவனம் 2023இல் தன் கட்டணத்தை 63 விழுக்காடு உயர்த்தியது. இந்தச் சூழலில்தான் லூசியானா ஃபோர்ட்டிஃபை ஹோம்ஸ் என்னும் மானியத் திட்டத்துக்கு 2022இல் சட்டம் இயற்றப்பட்டது. முதல் விண்ணப்பச் சுற்று 2023 அக்டோபரில் திறந்தது. திட்டத்தை நடத்துவது மாநிலக் காப்பீட்டுத் துறை. ஒரு வீட்டுக்கு 10,000 டாலர் வரை கிடைக்கும். இது கடன் அன்று. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை.

லூசியானாவின் தலைநகரான பேட்டன் ரூஜில் எங்கள் வீட்டுக்கு இந்த மானியத்தைப் பெற்ற அனுபவத்தை வைத்து, முதன்முறை விண்ணப்பிப்பவருக்குப் புரியும்படி இதை எழுதுகிறேன்.

முதலில்: எதற்குப் பணம் தருகிறார்கள்?

புதிய கூரைக்கு அரசு பணம் தருகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. அரசு பணம் தருவது ஃபோர்ட்டிஃபைட் ரூஃப் என்ற சான்றிதழ் பெற்ற கூரைக்கு. இந்த அளவுகோலை வகுத்தது காப்பீட்டுத் தொழிலின் ஆதரவில் இயங்கும் ஐ.பி.எச்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம். தென் கரோலினாவில் உள்ள அதன் கூடத்தில் 105 ராட்சத விசிறிகளை ஓடவிட்டு, முழு வீட்டையே உள்ளே நிறுத்திக் காற்றாலும் மழையாலும் சோதிக்கிறார்கள்.

அளவுகோலின் சாரம் மூன்று. பலகைகளைக் கூரையின் மரச்சட்டங்களோடு பிணைக்க வளைய ஆணிகளை ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக அறைய வேண்டும். பலகைகளின் இணைப்புகளை ஒட்டுப்பட்டையாலோ, கூரை முழுவதும் விரியும் ஒட்டுத் தாளாலோ அடைக்க வேண்டும். ஓரங்களில் உலோகப் பட்டையும் முதல் வரிசை ஷிங்கிளும் வழக்கத்தைவிட உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும். கூரையில் காற்றுப்போக்கிகள் இருந்தால் அவையும் மழைக்காற்றுச் சோதனையில் தேறியவையாக இருக்க வேண்டும்.

வேலை நடந்தபோது கீழே உதிர்ந்து கிடந்த ஆணி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சாதாரண ஆணி வழவழவென்று இருக்கும்; இதன் உடம்பெல்லாம் வளையம் வளையமாக வரிகள். மரத்துக்குள் போனதும் அந்த வரிகள் நாரைக் கவ்விக்கொள்கின்றன. அதனால் காற்று மேல்நோக்கி இழுக்கும்போது தாங்கும் வலிமை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்கிறார்கள். கூரைச் செலவில் ஆணியின் பங்கு மிகச் சொற்பம். ஆனால் ஆணி, ஒட்டுப்பட்டை இரண்டையும் ஷிங்கிள் மூடிவிட்டால் பிறகு யாராலும் பார்க்க முடியாது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், இனி வரும் நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

முதல் படி: தகுதியைச் சரிபார்த்தல்

வீடு உங்கள் சொந்த வீடாக இருக்க வேண்டும். நீங்களே அதில் குடியிருக்க வேண்டும். அதற்கு ஆதாரமாக ஹோம்ஸ்டெட் வரிவிலக்கைக் கேட்பார்கள். வீட்டின் மதிப்பில் முதல் 75,000 டாலருக்குப் பெரும்பாலான சொத்துவரிகளிலிருந்து விலக்குத் தரும் இந்தச் சலுகை, வீடு வாங்கியதும் தானாக வந்துவிடாது. உங்கள் பாரிஷின் (லூசியானாவில் மாவட்டத்துக்கு அதுதான் பெயர்) வரி மதிப்பீட்டு அலுவலகத்தில் உங்கள் பெயரில் பதிந்திருக்க வேண்டும். வீடு வாங்கிய அவசரத்தில் இதை மறந்துவிட்டவர்கள் நம்மவர்களிலேயே சிலர் உண்டு. மானியம் கிடைக்கிறதோ இல்லையோ, வரி மிச்சத்துக்காகவாவது இதை உடனே முடித்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு விட்ட வீடு, கான்டோ எனப்படும் அடுக்ககக் குடியிருப்பு, நகரும் வீடு, புதிதாகக் கட்டப்படும் வீடு ஆகியவற்றுக்கு இத்திட்டத்தில் இடமில்லை. காற்றுச் சேதத்தையும் உள்ளடக்கிய வீட்டுக் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். வெள்ள அபாய மண்டலத்தில் வீடு இருந்தால் வெள்ளக் காப்பீடும் தேவை.

காப்பீட்டுப் பத்திரத்தை எடுக்கும்போது பெயரிடப்பட்ட புயலுக்கான டிடக்டபிள், அதாவது இழப்பில் நாமே ஏற்க வேண்டிய முதல் பகுதி, எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுங்கள். அது பெரும்பாலும் டாலரில் இருக்காது, விழுக்காட்டில் இருக்கும். 3,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு ஐந்து விழுக்காடு என்றால், முதல் 15,000 டாலர் நம் கைப்பணம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு இத்திட்டத்தில் உண்மையான அக்கறை வந்தது.

இரண்டாம் படி: குலுக்கலில் பெயர் பதிதல்

நிதி அளவானது, கேட்பவர்களோ ஏராளம். ஆகவே மாநிலக் காப்பீட்டுத் துறை அவ்வப்போது விண்ணப்பச் சுற்றுகளை அறிவித்து, பதிந்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறது. முந்திப் பதிந்ததால் முன்னுரிமை வந்துவிடாது. சுற்று திறந்திருக்கும் நாட்கள் குறைவு என்பதால், துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே கணக்கைத் தொடங்கி வைத்துக்கொள்வது நல்லது. முகவரியும் பெயரும் வரிவிலக்குப் பதிவில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதும் நம் வழக்கம் இங்கே தொல்லை தரும். போன சுற்றில் பதிந்தது இந்தச் சுற்றுக்கும் செல்லும் என்று இருந்துவிடாமல், அறிவிப்பு வரும்போதெல்லாம் உள்ளே சென்று பாருங்கள்.

மூன்றாம் படி: மதிப்பீட்டாளர்

குலுக்கலில் பெயர் வந்துவிட்டால் கூரைக்காரரை அழைக்கத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். அதற்கு முன் ஃபோர்ட்டிஃபைட் சான்று பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை நீங்கள் அமர்த்த வேண்டும். இவர் கூரை வேலை செய்பவரோடு வணிகத் தொடர்பு இல்லாதவராக இருக்க வேண்டும். கட்டணம் உங்களுடையது; மானியத்தில் சேராது. சில நூறு டாலர் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் முதலில் வந்து, இந்த வீட்டை அளவுகோலுக்குக் கொண்டுவர முடியுமா, என்னென்ன மாற வேண்டும் என்று அறிக்கை எழுதுவார். எங்கள் வீட்டில் பரணுக்குள் ஊர்ந்து சென்று பலகையின் தடிப்பை அளந்தார். குறைந்தது பதினாறில் ஏழு பங்கு அங்குலம் வேண்டும். பழைய வீடுகளில் மெல்லிய பலகை இருந்தால் அதை மாற்றும் செலவு சேர்ந்துகொள்ளும். புகைபோக்கி, கூரைச் சாளரம், சூரியத் தகடு முதலியவை உள்ளவர்கள் அவற்றைப் பற்றி அவரிடம் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

நான்காம் படி: விலைகேட்டல்

திட்டத்தில் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்களில் மூன்று பேரிடமாவது எழுத்தில் விலை கேளுங்கள். கூரைத் தொழிலில் நூறு சதுர அடிக்கு ஒரு ஸ்கொயர் என்று கணக்கு. முப்பது ஸ்கொயர் என்றால் 3,000 சதுர அடிக் கூரை. வீடு தரையில் அடைக்கும் பரப்பைவிடக் கூரையின் பரப்பு அதிகமாக இருக்கும், சரிவும் தாழ்வாரமும் சேர்வதால். மூவரும் ஏறக்குறைய ஒரே ஸ்கொயர் எண்ணிக்கையைச் சொல்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். ஒருவர் மட்டும் ஐந்து ஸ்கொயர் கூட்டிச் சொன்னால் ஏன் என்று கேட்கலாம்.

மொத்தத் தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சிறிய வரி: உளுத்த பலகையை மாற்ற ஒரு பலகைக்கு எவ்வளவு? பழைய ஷிங்கிளைப் பிரிக்கும்வரை எத்தனை பலகை கெட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த விலையை முன்னரே எழுதி வாங்காவிட்டால், கூரை திறந்து கிடக்கும் நாளில், மேற்கே மேகம் கறுக்கும்போது, அவர்கள் சொன்னதுதான் விலை. மானியம் 10,000 டாலருக்கு மேல் போகாது. மிச்சம் முழுவதும் உங்கள் பொறுப்பு என்பதால், இந்த வரி நேராக உங்கள் பையிலிருந்து போகும்.

ஐந்தாம் படி: ஒப்புதல் வரும்வரை ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது

அறிக்கையும் விலைப்பட்டியலும் துறைக்குச் சென்று, மானிய ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். முன்னதாகத் தொடங்கினால் மானியம் போய்விடும். எங்கள் தெருவில் ஒருவர் கதவைத் தட்டி, நாளைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம், மானியம் பின்னாலேயே வந்துவிடும் என்றார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. வேலை முடிந்த கூரைக்கு விண்ணப்பிக்க முடியாது என்பது தெரிந்திருந்ததால் தப்பினேன். பாரிஷின் கட்டட அனுமதியும் ஒப்பந்ததாரர் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் கடிதத்தில் வேலையை முடிப்பதற்கான கெடு இருக்கும், அதையும் குறித்துவையுங்கள்.

ஆறாம் படி: வேலை நாளில் படம்

நான் அதிகம் சொல்ல விரும்புவது இந்தப் படியைப் பற்றித்தான். மதிப்பீட்டாளருக்குச் சான்று எழுத ஆதாரம் தேவை. அந்த ஆதாரம், பலகை மூடப்படுவதற்கு முன் எடுத்த படங்கள்: ஆணிகளுக்குப் பக்கத்தில் அளவுநாடாவை விரித்து ஆறு அங்குல இடைவெளி தெரியும் படம், ஒட்டுப்பட்டை இணைப்பின்மீது படிந்திருக்கும் படம், ஆணிப் பெட்டியின் முத்திரைச்சீட்டு, ஓரப் பட்டை, காற்றுப்போக்கியின் மாதிரி எண். கூரையின் எந்தச் சரிவும் விடுபடக் கூடாது.

எங்கள் வீட்டு வேலை காலை ஆறரைக்குத் தொடங்கியது. முன்பக்கச் சரிவைப் பொறுமையாகப் படமெடுத்தார்கள். பிற்பகலில் தூறல் விழும்போல இருக்கவே, அவசரத்தில் பின்பக்கத்தை ஆணி அறைந்த கையோடு தாள் விரித்து மூடிவிட்டார்கள். நான் வேலை முடிந்து வந்து, பின்பக்கப் படங்கள் எங்கே என்று கேட்டபோதுதான் மேஸ்திரிக்கு நினைவு வந்தது. மறுநாள் காலையில் விரித்த தாளை மூன்று இடங்களில் கிழித்து, நாடா வைத்துப் படமெடுத்து, அந்த இடங்களில் மீண்டும் ஒட்ட வேண்டியதாயிற்று. ஷிங்கிள் ஏறுவதற்கு முன்பே தெரிந்ததால் அரை நாளோடு போயிற்று. ஷிங்கிள் ஏறிய பிறகு தெரிந்திருந்தால் அந்தப் பக்கத்தைப் பிரித்திருக்க வேண்டும், அல்லது சான்றிதழை மறந்திருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். மதிப்பீட்டாளர் எந்தெந்தப் படங்களைக் கேட்கிறார் என்ற பட்டியலை வேலைக்கு முந்தைய நாள் அவரிடமிருந்து வாங்கி, மேஸ்திரியின் கைப்பேசிக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள். முடிந்தால் பலகை திறந்திருக்கும் நாளன்று விடுப்பு எடுத்து வீட்டில் இருங்கள். ஏணியில் ஏற வேண்டாம். கீழே நின்று கேட்டாலே போதும்.

ஏழாம் படி: சான்றிதழும் பணமும்

வேலை முடிந்ததும் மதிப்பீட்டாளர் படங்களையும் கூரையையும் சரிபார்த்து, ஐ.பி.எச்.எஸ். நிறுவனத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து சான்றிதழ் வந்த பிறகே மானியத் தொகை விடுவிக்கப்படும். பணம் உங்கள் கைக்கு வராது; துறையிலிருந்து நேராக ஒப்பந்ததாரருக்குச் செல்லும். உங்கள் பங்கை எந்தக் கட்டத்தில் எவ்வளவு செலுத்துவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசித் தவணையைச் சான்றிதழோடு இணைத்து வைப்பது என் யோசனை. அரசும் அதே விதியைத்தான் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறது.

வேறு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலபாமாவில் ஸ்ட்ரென்தன் அலபாமா ஹோம்ஸ் திட்டம் 2016 முதல் மானியம் வழங்கி வருகிறது. லூசியானா திட்டம் அதைப் பார்த்து அமைந்ததுதான். ஃப்ளோரிடாவின் மை சேஃப் ஃப்ளோரிடா ஹோம் சற்று வேறு மாதிரி: முதலில் இலவசப் பரிசோதனை, பிறகு நீங்கள் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் அரசு இரண்டு டாலர் என்ற முறையில் 10,000 வரை. மேலே சொன்ன படிகளின் வரிசை அங்கே அப்படியே பொருந்தாது.

சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அதன் நகலைக் காப்பீட்டு முகவருக்கு அனுப்பிவிடுங்கள். லூசியானாவில் காப்பீட்டு நிறுவனங்கள் இதற்குத் தள்ளுபடி தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் நீங்கள் கொடுக்காத சான்றிதழுக்கு யாரும் தள்ளுபடி தரப்போவதில்லை. அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பல இடங்களில் அது மொத்தக் கட்டணத்தின்மீது அன்றி, காற்றுக்கான பகுதியின்மீது மட்டுமே கழியும். புதிய பத்திரம் வந்ததும் தள்ளுபடி தனி வரியாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் தொலைபேசியில் கேளுங்கள். சான்றிதழின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். அது முடிவதற்குள் மதிப்பீட்டாளர் மீண்டும் வந்து கூரையின் நிலையைப் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் தள்ளுபடி நின்றுவிடும். வேலை நாளில் எடுத்த படங்களையும் சான்றிதழோடு ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.