குனிந்த கழுத்தை நிமிர்த்தாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கூன் விழுந்த தாத்தா ஒன்றும் புதிதில்லை. "காலமெல்லாம் பால் வாளி சுமந்தார், வேறென்ன" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். என் பெரியப்பாவையும் அப்படித்தான் நினைத்தோம். முதல் தவறு அது. சுமை தூக்கி வரும் வலி படுத்தால் குறையும். அவருக்கோ வாலிபத்திலேயே விடிகாலையில் இடுப்பு கட்டை மாதிரி இறுகிக் கிடக்கும். இரண்டு நிரை மரத்தில் பால் வெட்டி நடந்தபிறகுதான் தளரும். அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற வாதம் அது. பெயர் தெரியவந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது.

இந்த நோயில் முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்கள் ஆண்டுக்கணக்கில் வீங்கி, எலும்பாகவே மாறி, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் மூங்கில் போலத் தெரியும். மூங்கில் என்றால் உறுதி என்று நினைக்கவேண்டாம். உள்ளே சுண்ணாம்புச் சத்து குறைந்து, சாக்பீஸ் மாதிரி ஆகியிருக்கும். வளையாது, ஒடியும்.

பெரியப்பா குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தார், அவ்வளவுதான். "சின்ன விழுகைதானே" என்று பெரியம்மா கோடாலித் தைலம் தேய்த்தார். சுளுக்கு எடுப்பவர் வந்து கழுத்தைத் திருப்பப் பார்த்தார். பெரியப்பா போட்ட அலறலில் கையை எடுத்துவிட்டார். நல்லவேளை. இறுகிய முதுகெலும்பை உருவுவதும் சொடக்கு எடுப்பதும் இந்த நோயாளிக்குக் கூடவே கூடாது.

அப்புறம் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்றார்கள். நாங்களும் நிம்மதியாக வீடு திரும்பினோம். இந்த நோயில் எலும்பு அதிகம் ஒடிவது கழுத்தின் அடிப்பகுதியில். எக்ஸ்ரேயில் அந்த இடத்தைத் தோள்பட்டை மறைத்துவிடும். விழுந்த பிறகு புதிதாக வலி வந்தால், சிடி ஸ்கேன் பார்க்கும்வரை அதை எலும்பு முறிவாகவே எண்ணவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் முறிந்திருக்கலாம் என்பதால் முதுகெலும்பு முழுவதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் நாள் கைகால் நன்றாக இருந்தது என்பதும் ஆறுதல் இல்லை. தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டினால் பிறகுதான் மரத்துப்போகும், வலுவிழக்கும். பெரியப்பாவுக்கு மூன்றாம் நாள் தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவியது. அப்போதுதான் ஈப்போ மருத்துவமனைக்கு ஓடினோம்.

தூக்கும்போது நடக்கும் தவறுதான் மிக மோசம். பல வருடம் குனிந்தே இருந்த கழுத்தை ஸ்ட்ரெச்சரில் தட்டையாகக் கிடத்தினால், முறிந்த இடம் வாய் பிளந்துகொள்ளும். கழுத்துப் பட்டையை இறுக்கி மாட்டி நிமிர்த்தினாலும் அதே கதிதான். விழுவதற்கு முன் தலை எப்படி இருந்ததோ அப்படியே, தலையணைகளை அடுக்கித் தாங்கவேண்டும்.

இந்த நோயாளிகள் கவனிக்கவேண்டிய வேறு சிலவும் உண்டு. சிறுநீர் தானாகக் கசிந்தால், உட்காரும் இடம் மரத்துப்போனால், "வயசாச்சு, இனிப்புநீர் (நீரிழிவு)" என்று தள்ளிவிடாதீர்கள்; கீழ்முதுகின் நரம்புக் கொத்து கெட்டிருக்கலாம். கண் சிவந்து வலித்தால் கடையில் சொட்டு மருந்து வாங்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போகவேண்டும். எலும்பு அடர்த்திச் சோதனையில் முதுகெலும்பின் எண் பொய்யாக நன்றாகத் தெரியும். இடுப்பு எலும்பின் எண்ணைக் கேளுங்கள். எந்த அறுவை சிகிச்சை என்றாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் கழுத்து வளையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். சுவாசக் குழாய் போடுவது அவர்களுக்குச் சிரமம்.

இப்போது பெரியப்பா வீட்டுக் குளிர்பெட்டியில் மலாய் மொழியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். 999 அவசர எண்ணுக்கு அழைத்தால் வருகிறவர்கள் படிப்பதற்கு: கழுத்து வளையாது, நிமிர்த்தவேண்டாம், மூன்று தலையணை வையுங்கள்.