பாறைக் கரையில் ஒரு பிற்பகல்: முட்டத்தில் கடற்பறவை பார்ப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் பாறைகளில் பறவை பார்க்க ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வலசை வந்தவை இருக்கும், மழையும் குறைவு.

1. நேரம். கடல் வற்றும் நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அது தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். மாலை 5 மணியை ஒட்டி வற்றும் நாளாகப் பார்த்து, 3.30-க்குக் கரையில் இருங்கள். பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும்போதுதான் பறவைகள் மேய இறங்கும்.

2. பைனாகுலர். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். பத்து மடங்கு (10x) என்றால் காற்றில் காட்சி ஆடும். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் தூரத்துப் படகு ஒன்றைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்கண் பக்கத்து வளையத்தை மட்டும் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்கு அரைமணியில் தலைவலி வருகிறது.

3. நிற்கும் இடம். முதலில் தவறுவது இங்கேதான். இந்தக் கரை தென்மேற்கைப் பார்த்தது. பிற்பகலில் கடலை நேரே பார்த்தால் சூரியன் முகத்தில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். கரையோரமாகத் தென்கிழக்கு நோக்கி நடங்கள். வெயில் வலத்தோளுக்குப் பின்னால் விழுந்தால் அலகின் நிறம்கூடத் தெளிவாகத் தெரியும்.

இறங்குமுன் 15 நிமிடம் அலையைக் கவனியுங்கள். நனைந்து கறுத்திருக்கும் பாறைக்குக் கீழே போகவே வேண்டாம். காற்றே இல்லாத நாளிலும், தொலைதூரப் புயல் கிளப்பிய ‘கள்ளக்கடல்’ திடீரென ஏறும். கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் எச்சரிக்கை இருந்தால் அன்று போகாதீர்கள்.

4. யார் யார்? கல்திருப்பி உள்ளான் என்ற சிறு கரைப்பறவையிலிருந்து தொடங்குங்கள். ஆரஞ்சுக் கால், மார்பில் கரும்பட்டை, ஆப்பு போன்ற குட்டை அலகு. அந்த அலகைப் பாசிக்கு அடியில் நுழைத்து, தலையால் நெம்பிப் புரட்டி, அடியில் ஒளிந்த சிறு நண்டைக் கொத்தும். பாறை நிறத்திலேயே இருப்பதால், அசையும் வரை கண்ணுக்குப் படாது. தனியாக நின்று ஓயாமல் பின்புறத்தை ஆட்டுவது சாதா உள்ளான்.

வெள்ளைக் கொக்கு எல்லாம் சின்னக் கொக்கு அல்ல. கரைக் கொக்கிலும் வெள்ளை உண்டு. அதன் அலகு தடித்து, மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். சின்னக் கொக்குக்கு மெல்லிய கறுப்பு அலகு. கரைக் கொக்கின் சாம்பல் வகை என்றால் குழப்பமே இல்லை, தொண்டை மட்டும் வெள்ளை. ஆலா என்ற கடற்பறவைகளில் எலுமிச்சை மஞ்சள் அலகு பெரிய கொண்டை ஆலா, ஆரஞ்சு அலகு சிறிய கொண்டை ஆலா.

5. நெருங்குவது. நேராகப் போகாதீர்கள், சாய்வாக நடந்து நடந்து நில்லுங்கள். மேய்ச்சலை விட்டுத் தலை தூக்கினால் அதுதான் எல்லை. விரட்டினால், வடக்கே திரும்பப் பறக்கச் சேர்க்கும் கொழுப்பு வீணாகும்.

6. குறிப்பு. தொடங்கிய நேரம், நடந்த தூரம், ஒவ்வொன்றின் எண்ணிக்கை ஆகியவற்றை அங்கேயே எழுதி, இரவில் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். அடையாளம் உறுதியாகாததை ‘ஆலா வகை’ என்றே பதியலாம்.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புத் துகள் கீறிவிடும். முதலில் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள்.