வீட்டு சர்வர் வெளியிலிருந்து திறக்காதபோது

படங்களைப் பெரிய நிறுவனத்தின் கிளவுடில் வைக்க மனமில்லாமல் வீட்டிலேயே நெக்ஸ்ட்கிளவுட் என்ற, சொந்தக் கிளவுட் நடத்தும் மென்பொருளைப் போட்டேன். வீட்டுக்குள் அருமையாக ஓடியது; வெளியே போனால் திறக்கவே இல்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பை ரௌட்டர் வீட்டு சர்வருக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங் சரியாகத்தான் இருந்தது. ரௌட்டருக்குக் கிடைத்த ஐபியைப் பார்த்தால் 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை சிஜிநாட்டுக்கு, அதாவது இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிரும் முறைக்கு, ஒதுக்கியவை. எனக்கென்று பொது ஐபியே இல்லை, அப்புறம் எந்தப் போர்ட்டைத் திறந்து என்ன பயன்?

பொது ஐபி உள்ள சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஒன்றை எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்பு கொடுத்தேன். சும்மா இருந்தால் அறுந்துபோனது. வீட்டுப் பக்க கான்ஃபிகில் பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் 25, அதாவது 25 விநாடிக்கு ஒருமுறை சின்ன பாக்கெட் அனுப்பு, என்று சேர்த்ததும் நிலைத்தது.

இதே வேலையைச் செய்யும் இலவச டனல் சேவைகள் உண்டுதான். ஆனால் சிலவற்றில் டிஎல்எஸ் என்ற குறியாக்கம் அவர்கள் சர்வரிலேயே அவிழ்கிறது; உள்ளே போவதை அவர்களால் பார்க்க முடியும். அதற்குப் பழைய கிளவுடிலேயே இருந்திருக்கலாம். என் விபிஎஸ் 443க்கு (எச்டிடிபிஎஸ் போர்ட்) வருவதைப் பிரிக்காமல் அப்படியே வீட்டுக்குத் தள்ளிவிடுகிறது. குறியாக்கத்தை அவிழ்க்கும் சான்றிதழின் சாவி வீட்டில்தான்.