பச்சை லைட் எரியுது, குரல் ஏறல: விண்டோஸ் மாற்றிய பிறகு யுஎஸ்பி மைக் மக்கர் பண்ணினால்

எங்கள் அப்பா கோவில்பட்டியில் ரேடியோ செட் கடை வைத்திருந்தார். குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், சீரியல் செட், டியூப் லைட் எல்லாம் வாடகைக்குப் போகும். அதே கடையின் பின்னறையில் இப்போது நான் வண்டி விளம்பரம் பதிவு செய்கிறேன். கடை திறப்பு, காதணி விழா, கோயில் கொடை, இரங்கல் என்று ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் குரல்களில் சில என்னுடையவை. ஒரு கண்டென்சர் மைக், மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றி அனுப்பும், இரண்டு சேனல் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்று, லேப்டாப், சுவரில் ஆணி அடித்து மாட்டிய பழைய இலவம்பஞ்சு மெத்தை. ஸ்டுடியோ அவ்வளவுதான்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்று லேப்டாப் தினமும் நச்சரித்துக்கொண்டே இருந்தது. சரியாக அந்தக் கடைசி நாளில்தான் எனக்கு ரோஷம் வந்து 11-க்கு மாற்றினேன். தீபாவளி 20-ஆம் தேதி. ஸ்வீட் கடை அண்ணாச்சி சாயங்காலமே சொல்லியிருந்தார்: "தம்பி, வெள்ளன அஞ்சு மணிக்கு வண்டி கிளம்பணும், பாத்துக்கோ." ராத்திரி பதினோரு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்தேன். பெட்டியில் பச்சை லைட் எரிகிறது. நான் பதிவு செய்யும் மென்பொருளான ஆடாசிட்டியில் ரெக்கார்டு பட்டனை அழுத்தினால் ஒரு கோடு ஓடுகிறது. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடு. தும்மினேன். அப்போதும் நேர்க்கோடுதான்.

அன்றைக்கு நான் செய்த முதல் காரியம் தப்பு. டிரைவர், அதாவது கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளைத் தேடிப் போனேன். இரண்டு மணி நேரம் இறக்கினேன், நீக்கினேன், திரும்பப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார். பந்தலில் குழாய் பாடவில்லை என்றால் அவர் எடுத்த எடுப்பில் ஆம்ப்ளிஃபயரைக் கழற்ற மாட்டார். மைக் வயரை உருவிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் இன்புட் முனையை விரலால் தொடுவார். குழாயில் 'ம்ம்ம்' என்று இரைந்தால் அங்கிருந்து குழாய் வரை எல்லாம் நல்லாயிருக்கிறது, கோளாறு மைக் பக்கம் என்று அர்த்தம். சத்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் ஸ்குரூ டிரைவர் கையில் வரும். யுஎஸ்பி மைக்குக்கும் இதே வழிதான்.

முதலில் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து ஆன் செய்வது இதற்குச் சமம் இல்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. அது இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் செய்யும்போது உள்ளே ஓடுகிற டிரைவர் நிலவரத்தை டிஸ்க்கில் எழுதிவைத்து, ஆன் செய்யும்போது அதையே திரும்ப ஏற்றும். கோளாறும் கூடவே ஏறி உட்கார்ந்துவிடும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

அடுத்து வயர். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் நடுவில் இருந்தால் எடுத்துவிட்டு லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். போன் சார்ஜருடன் வந்த வயர் வேண்டாம். சில வயர்களில் கரண்ட் போகும், டேட்டா போகாது. லைட் எரிவதை வைத்து ஏமாறக் கூடாது. லைட் எரிந்தால் 5 வோல்ட் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

இனி டிவைஸ் மேனேஜர், அதாவது கம்ப்யூட்டர் பார்க்கிற கருவிகளின் பட்டியல். விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வருகிற பட்டியலில் இருக்கும். அதில் 'சவுண்டு, வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற பிரிவை விரித்து வையுங்கள். பெட்டியின் வயரைப் பிடுங்குங்கள், திரும்பச் செருகுங்கள். பிடுங்கும்போது ஒரு வரி மறைந்து, செருகும்போது திரும்ப வந்தால் அதுதான் உங்கள் கருவி. பெயர் வேறு மாதிரி இருந்தாலும் கவலை இல்லை. என் பெட்டி 'யுஎஸ்பி ஆடியோ டிவைஸ்' என்று மொட்டையாக வந்தது. வரி வந்து போனாலே கம்ப்யூட்டர் கருவியைப் பார்த்துவிட்டது; வயரும் போர்ட்டும் தப்பித்தன. மஞ்சள் முக்கோணம் இருந்தால் அந்த வரியை இரண்டு முறை தட்டி, அதில் 'கோடு' (code) என்று வரும் பிழை எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 43 என்றால் கருவியே கோளாறு சொல்லியிருக்கிறது; வயர், போர்ட் மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். 10 என்றால் கருவியைத் தொடங்க முடியவில்லை. இந்த 10-க்கு ஒரு கதை உண்டு. 2025 ஜனவரியில் வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, யுஎஸ்பி 1.0 ஆடியோ டிரைவரில் ஓடும் வெளி டிஏசி கருவிகள் (டிஜிட்டல் சத்தத்தை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றுபவை) இதே பிழை எண் 10 காட்டி நின்றன. மைக்ரோசாஃப்டே அதை ஒப்புக்கொண்டு பின்னால் வந்த அப்டேட்டில் சரிசெய்தது. அதனால் 10 என்று வந்தால் டிரைவரில் கை வைக்கும் முன், விண்டோஸ் அப்டேட்டில் ஏதாவது பாக்கி நிற்கிறதா என்று பாருங்கள்.

வரி வருகிறது, முக்கோணமும் இல்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்டு என்று போங்கள். இன்புட் பகுதியில் உங்கள் பெட்டி தேர்வாகியிருக்கிறதா? மாற்றிய பிறகு லேப்டாப்பின் சொந்த மைக் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வது சகஜம். பெட்டியின் பெயரைத் தட்டி உள்ளே போனால், ஆப்களும் விண்டோஸும் இந்தக் கருவியைப் பயன்படுத்தலாமா என்று ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்துப் பட்டனில் 'டோன்ட் அலவ்' என்று எழுதியிருந்தால் இப்போது அனுமதி இருக்கிறது, விட்டுவிடுங்கள். 'அலவ்' என்று எழுதியிருந்தால்தான் அழுத்த வேண்டும். எழுதியிருப்பது இப்போதைய நிலை இல்லை, அழுத்தினால் நடக்கப்போவது. இதில் குழம்பி நல்லா இருந்ததை அணைத்தவர்கள் உண்டு. அதே பக்கத்தில் மைக் டெஸ்டும் இருக்கிறது. பேசிவிட்டு நிறுத்தினால் மொத்த வால்யூமில் எத்தனை சதவீதம் வந்தது என்று சொல்லும்.

அன்று ராத்திரி எனக்கு இந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. செட்டிங்ஸில் டெஸ்ட் செய்தால் நீலப் பட்டை துள்ளுகிறது. ஆடாசிட்டியில் நேர்க்கோடு. அப்பா பாஷையில் சொன்னால், இதுவரை இரைச்சல் வருகிறது, அடுத்த முனையில் இல்லை. விண்டோஸுக்கும் ஆடாசிட்டிக்கும் நடுவில் யாரோ மறிக்கிறார்கள்.

மறித்தது பிரைவசி. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோஃபோன். அங்கே மேலே ஒரு சுவிட்ச், கீழே ஆப் ஆப்பாகச் சில சுவிட்ச்கள், எல்லாவற்றுக்கும் அடியில் டெஸ்க்டாப் ஆப்களுக்கு என்று தனியாக ஒரே ஒரு சுவிட்ச். ஆடாசிட்டி மாதிரி ஸ்டோரில் வாங்காமல் நாமாக இறக்கிப் போட்டவை எல்லாம் அந்த ஒரே சுவிட்சுக்குக் கீழேதான் வரும். அது அணைந்து கிடந்தது. குற்றவாளி நானேதான். விண்டோஸ் மாற்றிய கையோடு, 'கம்ப்யூட்டர் உங்களை ஒட்டுக்கேட்கிறது' என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அணைத்திருக்கிறேன். போட்டேன். ஆடாசிட்டியை மூடித் திறந்தேன். 'ஹலோ மைக் டெஸ்டிங்.' கோடு துள்ளியது.

அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பேசாமல் இருக்கும்போது பதிவு செய்து, ஜூம் செய்து பெரிதாக்குங்கள். நல்ல லைனில் மைக் அமைதியாக இருந்தாலும் கோடு சுத்தமாக இருக்காது. மழைக்குப் பிறகு முளைத்த புல் மாதிரி பொடிப்பொடியாக அசையும். ஃபேன், அறை, பெட்டியின் சொந்த இரைச்சல் எல்லாம் அதில் உண்டு. புல் இருந்து குரல் மட்டும் ஏறவில்லை என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் பெட்டிக்கு வாருங்கள். கண்டென்சர் மைக் ஓட வேண்டிய 48 வோல்ட் பட்டனைப் போட்டிருக்கிறீர்களா, மைக் சத்தத்தைக் கூட்டும் கெயின் திருகி இருக்கிறதா என்று பாருங்கள். புல்லே இல்லாமல் வழித்து வைத்த மாதிரி கோடு என்றால், வருவது சத்தமே இல்லை, வெறும் பூஜ்யம். அனுமதி மறுப்பு, மியூட், அல்லது தப்பான கருவி. சில சமயம் கோடுகூட ஓடாமல், கருவியைத் திறக்க முடியவில்லை என்று ஆடாசிட்டி முரண்டு பிடிக்கும். அப்போதும் முதலில் அந்த பிரைவசி பக்கத்தைத்தான் பாருங்கள்.

தப்பான கருவி என்றேன். போர்ட் மாற்றிச் செருகினால் விண்டோஸ் அதே பெட்டியைப் புதுசு என்று நினைத்து, பெயருக்கு முன்னால் 2, 3 என்று எண் போட்டு வைப்பது உண்டு. ஆடாசிட்டி, வீடியோ அழைப்புக்கான ஜூம் ஆப் எல்லாம் பழைய பெயரையே நினைவில் வைத்துத் தேடிக்கொண்டிருக்கும். ஆப்பின் உள்ளே போய் மைக்கைத் திரும்பத் தேர்வு செய்தால் போதும். ஆடாசிட்டி திறந்திருக்கும்போது பெட்டியைச் செருகினால் அது தானாகக் கண்டுகொள்ளாமல் போகலாம். 'ரீஸ்கேன்' கொடுக்க வேண்டும், அல்லது மூடித் திறக்க வேண்டும். ஒரே போர்ட்டில் செருகிப் பழகுங்கள். நான் அந்த ஓட்டை மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி வண்டி ஐந்து பத்துக்குக் கிளம்பியது. காலை எட்டு மணிக்கு போன். "என்ன தம்பி, சளி பிடிச்சிருக்கா? அழுத மாதிரில்லா இருக்கு?" கேட்டுப் பார்த்தேன். 40 நொடி விளம்பரம் 43 நொடியைத் தாண்டி ஓடுகிறது. குரல் கிட்டத்தட்ட முக்கால் கட்டை இறங்கியிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அதைக் கேட்காமலே அனுப்பியிருக்கிறேன்.

இது சாம்பிள் ரேட் விவகாரம். பெட்டி நொடிக்கு 48,000 தடவை சத்தத்தை அளந்து அனுப்புகிறது; வாங்குகிறவர் 44,100 என்று நினைத்து ஓட்டினால் எல்லாம் இழுவையாகி சுருதி இறங்கும். மாறி நடந்தால் கீச்சுக் குரல். சவுண்டு பக்கத்தில் கருவியின் பெயரைத் தட்டினால் 'ஃபார்மட்' என்று இருக்கும். அங்கே என்ன எண்ணோ அதையே ஆடாசிட்டியிலும், பெட்டிக்குத் தனி கன்ட்ரோல் பேனல் இருந்தால் அதிலும் வையுங்கள். மூன்று இடத்திலும் ஒரே எண். நான் எல்லாவற்றையும் 48,000-க்குக் கொண்டுவந்துவிட்டேன். விண்டோஸ் மாற்றும்போது இந்த எண் மாறிப்போவதுண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள். அதே பக்கத்தில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருந்தால் அணைத்துவிடுங்கள். பதிவு செய்கிறவருக்கு அது தேவையில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து, பத்து நிமிஷம் கழித்துப் படபடவென்று பொரிந்தாலோ கருவியே காணாமல் போனாலோ கரண்ட் பக்கம் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' வரியைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லா லேப்டாப்பிலும் அந்தப் பக்கம் தெரியாது; தெரியாவிட்டால் விடுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். பெட்டி அந்த 5 வோல்ட்டிலிருந்துதான் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டை உண்டாக்குகிறது. அதையும் அடாப்டர் இல்லாத ஹப்பில் மவுஸ், பென்டிரைவ், பெட்டி என்று மூன்று பேருக்குப் பங்கு போட்டால் பொரியாமல் என்ன செய்யும்?

இவ்வளவுக்கும் மசியாவிட்டால்தான் டிரைவர். பெட்டி செய்த கம்பெனியின் தளத்தில் விண்டோஸ் 11 என்று எழுதியிருப்பதை மட்டும் இறக்குங்கள். பழையதை நீக்கும்போது, டிரைவரையும் சேர்த்து எடுக்கவா என்று கேட்கும் டிக்கைப் போடுங்கள். இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் பழையதே வந்து ஒட்டிக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' கொடுத்தால் மங்கலாகச் சில வரிகள் தெரியும். பிழை எண் 45, அதாவது இப்போது செருகப்படாதவை. அதில் உங்கள் பெட்டியின் பழைய ஆவிகள் இருந்தால் நீக்கிவிடலாம். கம்பெனி டிரைவர் இல்லாத பெட்டி என்றாலும் கலங்க வேண்டாம். 2017-இல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட் தொடங்கி யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 என்ற பொது விதிமுறைப்படி செய்த கருவிகளுக்கு விண்டோஸிலேயே டிரைவர் உண்டு. கிளாஸ் 1 கருவிகளுக்கு அதற்கு முன்பிருந்தே உண்டு.

ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. மேக்ஓஎஸ் மொஹாவி பதிப்பு தொடங்கி மைக்குக்கு ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி பக்கம் பாருங்கள். ஆப்பிள் சிலிக்கான், அதாவது ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள லேப்டாப்பில் வென்சுரா பதிப்பு தொடங்கி, புதுக் கருவியைச் செருகினால் இணைக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். கவனிக்காமல் மறுத்துவிட்டால் கரண்ட் மட்டும் போகும், சத்தம் போகாது. மறுபடியும் பச்சை லைட் ஏமாற்றுதான். லினக்ஸ் வகையான உபுண்டுவில் 22.04-இலிருந்து 24.04-க்குத் தாவியவர்களுக்கு, அடியில் சத்தத்தைக் கையாளும் பல்ஸ் ஆடியோ போய் பைப்வயர் வந்திருக்கும். சவுண்டு அமைப்பில் பெட்டியின் ப்ரொஃபைல் 'ஆஃப்' என்று கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு கருவி மட்டும் எனக்கு மசியவே இல்லை. அப்பா காலத்து மிக்சர், யுஎஸ்பி உள்ளது. செய்த கம்பெனி டிரைவர் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடலாம் என்று தீபாவளி வியாபாரமெல்லாம் அடங்கி, 25-ஆம் தேதி செட்டிங்ஸில் ரெகவரி பக்கத்தைத் திறந்தேன். 'கோ பேக்' பட்டன் அழுத்த முடியாமல் கிடந்தது. திரும்பிப் போக அவர்கள் கொடுக்கும் தவணை பத்து நாள். எனக்கு அன்றைக்குப் பதினொன்று.